மடியில் ஒரு வொர்க்ஸ்டேஷன்: அத்தனை விலை கொடுத்து யார் வாங்கினார்கள்?

தெரிந்தவர் ஒருவர் தன் அலமாரியில் கிடக்கும், டாட்போல் நிறுவனத்தின் பழைய யூனிக்ஸ் மடிக்கணினியான ஸ்பார்க்புக் 3ஜிஎக்ஸ் ஒன்றை உங்களுக்குக் கொடுக்க முன்வந்திருக்கிறார். 1990களில் இந்த வகை மடிக்கணினிகள் 10,000 டாலருக்கு மேல் விற்றன என்று படித்திருக்கிறீர்கள். அதனால் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்: அவ்வளவு காசு கொடுத்து யார் வாங்கினார்கள், அந்தச் சந்தை ஏன் அடையாளம் தெரியாமல் போனது, இன்றைக்கு அதை வாங்கி ஏதாவது செய்ய முடியுமா. எனக்கு இது மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. அந்தப் பெட்டியில் எந்தப் பொருளுக்கு அந்த விலை? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் தானாகப் பிடிபட்டுவிடும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1995 முதல் பதினான்கு ஆண்டுகள், சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் இயங்குதளமான சோலாரிஸ் ஓடும் இயந்திரங்களோடுதான் என் பிழைப்பு. சிங்கப்பூரில் இருந்துகொண்டு, சுற்றுவட்டார நாடுகளில் தொலைபேசி நிலையங்களுக்கான கண்காணிப்பு மென்பொருளை நிறுவித் தரும் குழுவில் இருந்தேன். அந்தக் குழுவிடம் இரண்டு ஸ்பார்க்புக்குகள் இருந்தன. அதில் ஒன்று கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் என் தோளில் தொங்கியது. எச்பி வகையில் ஒன்றைச் சில வாரங்கள் இரவல் வாங்கி உபயோகித்திருக்கிறேன். ஐபிஎம், டிஇசி வகைகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தும் உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லியும் அறிந்ததே. எது என் கணிப்பு என்பதை ஆங்காங்கே குறித்துவிடுகிறேன்.

பலர் நினைப்பது, அந்தக் காலத்தில் மடிக்கணினியில் யூனிக்ஸ் வேண்டும் என்றால் இதைத் தவிர வழியில்லை, அதனால்தான் விலை என்று. அது சரியில்லை. சாதாரண இன்டெல் 386, 486 கணினிகளில் ஓடும் எஸ்சிஓ யூனிக்ஸ் அப்போதே கடையில் கிடைத்தது. 1992இல் 386பிஎஸ்டி என்ற இலவச யூனிக்ஸ் வந்தது. லினக்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே தலைகாட்டிவிட்டது. சன் நிறுவனமே 1993இல் இன்டெல்லுக்கான சோலாரிஸை வெளியிட்டது. ஷெல், விஐ, சி கம்பைலர், எக்ஸ் விண்டோ இவை போதும் என்பவர் நல்ல தோஷிபா மடிக்கணினி ஒன்றை வாங்கி, டிரைவர்களோடு கொஞ்சம் மல்லுக்கட்டினால் வேலை முடிந்துவிடும். செலவும் பாதிக்கும் குறைவு. அப்படிச் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்பார்க்புக்கை வாங்கியவருக்கு யூனிக்ஸ் என்ற பெயர் மட்டும் போதவில்லை. அவர் நிறுவனம் விற்கும், அல்லது வாங்கி வைத்திருக்கும், ஏதோ ஒரு குறிப்பிட்ட மென்பொருள் ஸ்பார்க் பிராசஸருக்கும் சோலாரிஸுக்கும் மட்டுமே கம்பைல் செய்யப்பட்டிருந்தது. அப்படிக் கம்பைல் செய்த கோப்பு, அதாவது பைனரி, இன்டெல்லில் ஓடாது. மூல நிரல் கையில் இருந்தாலும் வேறு இயந்திரத்துக்கு மாற்றுவது லேசான வேலை கிடையாது. ஸ்பார்க்கில் ஒரு எண்ணின் பெரிய பைட் முதலில் வரும். இன்டெல்லில் சிறிய பைட் முதலில் வரும். நினைவகத்தில் இருக்கும் தரவை அப்படியே கோப்பில் கொட்டி வைக்கும் பழக்கம் அந்தக் கால நிரலாளர்களுக்கு நிறைய உண்டு. ஸ்பார்க்கில் எழுதிய அந்தக் கோப்பை இன்டெல்லில் படித்தால் எண்கள் தலைகீழாகிவிடும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தி, மறுபடி முழுதாகச் சோதித்து, இரண்டு இயந்திரங்களுக்கும் ஆதரவு கொடுக்கும் செலவை யோசித்துப் பாருங்கள். அதற்குமுன் நாலைந்து ஸ்பார்க்புக்கின் விலை ஒன்றுமே இல்லை.

இதற்கு மேல் லைசென்ஸ் பூட்டு இருந்தது. சன் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஹோஸ்ட்ஐடி என்று ஓர் எண் உண்டு. விலையுயர்ந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ஃப்ளெக்ஸ்எல்எம் போன்ற லைசென்ஸ் மேலாளர் வழியாக அந்த எண்ணைப் பார்த்துத்தான் திறக்கும். அலுவலகத்தில் இருந்தால் நெட்வொர்க்கில் ஒரு லைசென்ஸ் சர்வர் இருக்கும். வாடிக்கையாளர் இடத்தில், இணைய வசதியே இல்லாத அறையில், சர்வருக்கு எங்கே போவது? மடிக்கணினிக்கே சொந்தமாக ஒரு ஹோஸ்ட்ஐடி இருந்ததால் அதுவே தனக்கு லைசென்ஸ் சர்வராக இருந்துகொள்ளும். சட்டப்படி வாங்கிய மென்பொருள் பையோடு சேர்ந்து பயணம் போகும். இந்த வசதியின் அருமை வெளியூர் வேலைக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி நிலையத்தில் எங்கள் மென்பொருளை ஓட்டும் பெரிய சன் சர்வர் இருக்கும். அதில் கைவைக்க நள்ளிரவுக்கு மேல் இரண்டு மணி நேரம்தான் அனுமதி. பகலெல்லாம் அதன் பக்கத்தில் மேசையில் ஸ்பார்க்புக்கை வைத்து, அதே சோலாரிஸ் பதிப்பு, அதே பேட்ச், அதே டேட்டாபேஸ் போட்டு, வாடிக்கையாளரின் உண்மையான அலாரம் பதிவுகளை அதில் ஓட்டிப் பார்ப்போம். எங்கே உடைகிறது என்று பகலில் கண்டுபிடித்து, சரிசெய்த பைனரியை இரவில் சர்வரில் நகலெடுத்தால் போதும். மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை, 'அங்கே ஓடியது இங்கே ஓடுமா' என்ற பதைப்பும் இல்லை. மடியில் ஓடியதும் சர்வரில் ஓடுவதும் பைட்டுக்குப் பைட் ஒன்று. சன் சர்வரின் விலையோடும், ஒரு தொலைபேசி நிலையம் ஒரு மணி நேரம் நின்றுபோனால் ஆகும் நஷ்டத்தோடும் வைத்துப் பார்க்கும்போது அந்த 10,000 சொச்சம் டாலர் எங்கள் மேலாளருக்கு உறுத்தவே இல்லை.

ஹோஸ்ட்ஐடி எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்பதையும் அங்கேதான் கற்றேன். 1998 வாக்கில் என் ஸ்பார்க்புக்கின் மதர்போர்டு பழுதாகி, பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் வேறு போர்டு மாற்றித் தந்தார்கள். ஹோஸ்ட்ஐடியும் ஈதர்நெட் முகவரியும் குடியிருப்பது போர்டில் ஒரு சாக்கெட்டில் செருகிய, மின்சாரம் போனாலும் நினைவு தங்கும் சின்ன என்வி-ராம் சிப்பில். போர்டை மாற்றினால் பழைய சிப்பைப் பிடுங்கிப் புதிய போர்டில் செருக வேண்டும் என்பது சன் இயந்திரம் பார்ப்பவர்களுக்குப் பாலபாடம். அன்றைக்கு வந்த பையன் அதை மறந்து, சிப்போடு பழைய போர்டைத் திருப்பி அனுப்பிவிட்டான். இயந்திரம் அழகாக எழுந்து உட்கார்ந்தது. மென்பொருள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. புதிய லைசென்ஸ் கோப்பு ஃபேக்ஸில் வந்து சேர இரண்டு நாள் ஆனது. அதை முப்பத்துச் சொச்சம் இலக்கங்களாகக் கையால் தட்டச்சு செய்தேன். உங்களிடம் வரவிருக்கும் இயந்திரத்திலும் இதே சிப்தான் முதல் தலைவலி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வேறு யார் வாங்கினார்கள்? நான் விமான நிலையங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் நேரில் சந்தித்தவர்களை வைத்துச் சொன்னால், பொறியியல் வடிவமைப்பு மென்பொருளை விற்கப் போகும் ஆட்கள் ஒரு பெரும் கூட்டம். ப்ரோ-இன்ஜினியர், கேட்டியா போன்றவை அப்போது முதன்மையாக யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன் எனப்படும் சக்திவாய்ந்த மேசைக்கணினிகளில்தான் வாழ்ந்தன. வாடிக்கையாளரின் அறையிலேயே ஓட்டிக் காட்டினால்தான் விற்பனை. முன்பு அதற்காக இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் சிஆர்டி மானிட்டரையும் வொர்க்ஸ்டேஷனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அடுத்து எண்ணெய் தேடும் நிறுவனங்களின் நில அதிர்வுத் தரவைக் களத்திலேயே பார்ப்பவர்கள். ராணுவம் இன்னொரு பெரிய வாடிக்கையாளர். யார் எத்தனை வாங்கினார்கள் என்று சதவீதம் போட நான் துணிய மாட்டேன். ஆனால் கடைசிவரை நின்று வாங்கியது ராணுவம்தான் என்பது என் கணிப்பு. 2005இல் டாட்போலின் கணினித் தொழிலை வாங்கிக்கொண்டது ஜெனரல் டைனமிக்ஸ் என்ற அமெரிக்கப் பாதுகாப்புத்துறை நிறுவனம் என்பதே அதற்குப் போதிய சாட்சி.

டாட்போல் என்றால் தலைப்பிரட்டை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய நிறுவனம். பிற்காலத்தில் ஒரு மாடலுக்கு 'புல்ஃப்ராக்' என்று பெரிய தவளையின் பெயரையே வைத்தார்கள். இவர்கள் சன் நிறுவனத்தின் துணை நிறுவனம் இல்லை. அப்படியிருந்தும் சன்னோடு முழுக்க ஒத்துப்போகும் இயந்திரத்தை இவர்களால் எப்படிச் செய்ய முடிந்தது? இந்தச் சந்தை ஏன் உருவானது என்பதன் சாவி இங்கேதான் இருக்கிறது. சன் தன் ஸ்பார்க் வடிவமைப்பைப் பூட்டி வைக்கவில்லை. 1989இல் ஸ்பார்க் இன்டர்நேஷனல் என்ற பொது அமைப்பிடம் அதை ஒப்படைத்தது. யார் வேண்டுமானாலும் ஸ்பார்க் சிப் செய்யலாம், அதை வைத்துக் கணினி செய்யலாம், சோலாரிஸுக்கு உரிமம் வாங்கிப் போட்டு விற்கலாம். ஸ்பார்க் எட்டாம் பதிப்பு ஐஇஇஇ 1754 என்ற தரநிலையாகவே ஆனது. மேசைக்கணினியில் தைவான், கொரிய நிறுவனங்கள் உள்பட ஒரு கூட்டமே சன்னுக்குப் போட்டியாக இறங்கியது. டாட்போல் சன் கால் வைக்காத இடத்தைத் தேர்ந்தெடுத்தது. முதல் ஸ்பார்க்புக் 1992இல் வந்தது.

சிப் தொழில்நுட்பமும் கைகொடுத்தது. 1989இன் ஸ்பார்க்ஸ்டேஷன் 1இல் பிராசஸர் ஒரு சிப், மிதவைப்புள்ளிக் கணக்குக்கு ஒரு சிப், கேஷ் தனி, நினைவக மேலாண்மை தனி. அதை மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். 1992இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த மைக்ரோஸ்பார்க், இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே சிப்பில் அடக்கியது. அடுத்து ஃபுஜிட்சுவின் மைக்ரோஸ்பார்க் 2. உங்கள் 3ஜிஎக்ஸில் இருப்பது 110 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோஸ்பார்க் 2. சன்னின் மேசைக்கணினியான ஸ்பார்க்ஸ்டேஷன் 5இலும் இதே சிப் இதே வேகத்தில் கிடைத்தது. அன்றைய மடிக்கணினிகள் மேசைக்கணினியை விட ஓரிரு தலைமுறை பின்தங்கியிருக்கும் என்ற வழக்கத்தை ஸ்பார்க்புக் முறித்தது. ஒரு ஸ்பார்க்ஸ்டேஷன் 5ஐ அப்படியே மடித்துப் பைக்குள் வைத்த மாதிரி.

கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் ஆர்டிஐ என்று இன்னொரு நிறுவனம் பிரைட்லைட், பவர்லைட் என்ற பெயர்களில் ஸ்பார்க் மடிக்கணினிகள் செய்தது. பிறகு எச்பியின் பிஏ-7300எல்சி சிப்பை வைத்து, எச்பி-யூஎக்ஸ் என்ற எச்பியின் யூனிக்ஸ் ஓடும் பிரிசிஷன்புக்கையும் கொண்டுவந்தது. நான் இரவல் வாங்கியது அதுதான். கனம் தோளை இறக்கிவிடும், வேகம் மனதை நிறைக்கும். 1990களின் பிற்பகுதியில் டாட்போலும் ஆர்டிஐயும் ஒன்றாகிவிட்டன. ஐபிஎம் பெயரில் 1994இல் வந்த ஆர்எஸ்/6000 என்40 கூட டாட்போல் செய்துகொடுத்ததே: உள்ளே 50 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி 601, மேலே ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ். டிஇசியின் ஆல்ஃபா சிப்பை வைத்தும் ஆல்ஃபாபுக் 1 என்று ஒன்று செய்தார்கள். அது ஓபன்விஎம்எஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை ஓட்டுபவர்களுக்கானது, ஆகவே யூனிக்ஸ் கணக்கில் வராது. ஆனால் வாங்கியவர்களின் காரணம் ஒன்றேதான். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்திலிருந்து மடிக்கணினி விற்பனைக்கே வரவில்லை. அவர்களின் மதிப்பு முழுவதும் கிராஃபிக்ஸ் போர்டுகளில் இருந்தது, அந்த வெப்பத்தை அன்றைக்கு மடிக்குள் அடைத்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

சன் தானே ஒன்றைச் செய்து பார்த்தது: 1994இன் ஸ்பார்க்ஸ்டேஷன் வாயேஜர். 60 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோஸ்பார்க் 2, தட்டைத் திரை, தனியாகப் பிரியும் விசைப்பலகை. பார்க்க அழகு. ஆனால் அதை மடியில் வைக்க முடியாது. மேசைக்கு மேசை தூக்கிப் போகலாம், அவ்வளவுதான். அந்த வகையில் பார்த்தால் எச்பி 1985லேயே இன்டெக்ரல் பிசி என்ற ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. எச்பி-யூஎக்ஸின் கெர்னல் ரோமிலேயே பதிந்திருக்கும், உள்ளே ஒரு பிரிண்டர்கூட உண்டு, பேட்டரி கிடையாது. தூக்கிச் செல்லக்கூடிய யூனிக்ஸ் என்ற கனவு அவ்வளவு பழையது.

பழகப் பழக எப்படி இருந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் கையில் பேட்டரி ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். ஆகவே எங்கு போனாலும் முதலில் தேடுவது மின்சாரப் புள்ளியை. திரைதான் பெரிய குறை. சன் மேசைக்கணினிகள் 1152×900 புள்ளிகளில் பழகியவை, எங்கள் மென்பொருளின் ஜன்னல்களும் அந்த அளவுக்கே வரையப்பட்டவை. மடிக்கணினியின் 800×600 திரையில் 'சரி' பொத்தான் திரைக்குக் கீழே எங்கோ ஒளிந்துகொள்ளும். மெய்நிகர் திரையை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது, டாட்போல் தன் சொந்த மென்பொருளால் சேர்த்திருந்த உறக்க வசதி. மேசையில் நாள் முழுக்க நிற்பதற்கென்றே எழுதப்பட்ட யூனிக்ஸ், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாலே கலங்கிப்போகும். நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் தொங்கினால் ஒவ்வொரு ஷெல்லாக உறையும். அதை அப்படியே தூங்க வைத்து, வேறு ஊரில் வேறு நெட்வொர்க்கில் வேறு முகவரியோடு எழுப்பும்படி செய்திருந்தார்கள். இன்றைக்கு மூடியைத் திறந்ததும் வைஃபை தானாகப் பிடிப்பது யாருக்கும் ஆச்சரியம் தராது. 1996இல் சோலாரிஸில் அதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அதை எழுதிய பொறியாளர்கள்மீது இன்றும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இனி இரண்டாவது கேள்வி. பைனரிக்கும் லைசென்ஸுக்கும்தான் அந்த விலை என்றேன். அப்படியானால் மென்பொருள் இடம் பெயர்ந்த அன்றே பெட்டியின் மதிப்பும் போய்விட வேண்டும். அப்படியேதான் நடந்தது. 1990களின் கடைசியில் கேட்டியாவின் ஐந்தாம் பதிப்பு விண்டோஸ் என்டியிலும் ஓடும்படி வந்தது. சிப் வடிவமைப்பு மென்பொருள்கள் 2000ஐ ஒட்டி லினக்ஸுக்கு நகரத் தொடங்கின. எங்கள் நிறுவனமும் 2003 வாக்கில் லினக்ஸ் பதிப்பைக் கொண்டுவந்தது. அந்த மாதமே பயணத்துக்கு எங்கள் கையில் திங்க்பேட் வந்துவிட்டது, ஸ்பார்க்புக்குகள் அலமாரிக்குப் போயின. அதில் வருத்தப்பட எனக்கு நேரமே இருக்கவில்லை, அவ்வளவு வேகம் வித்தியாசப்பட்டது.

ஆப்பிள்தான் இந்தச் சந்தையைக் கொன்றது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பாதி உண்மை. 2001 ஜனவரியில் அறிமுகமான டைட்டானியம் பவர்புக் 2,599 டாலரில் தொடங்கியது, ஓர் அங்குலத் தடிமன், 1152×768 திரை. அதே மார்ச்சில் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தது, அடியில் பிஎஸ்டி வகை யூனிக்ஸ். 2007இல் அதன் 10.5 பதிப்பு யூனிக்ஸ் 03 சான்றிதழே வாங்கியது. யூனிக்ஸ் மடிக்கணினி ஆசைக்காக வேண்டும் என்றிருந்த பேராசிரியர்களும் நிரலாளர்களும் அங்கே போனார்கள். ஆனால் எங்களைப் போன்றவர்கள் ஸ்பார்க்புக்கை வாங்கிய காரணத்தை மேக் தீர்க்கவில்லை. சோலாரிஸ் பைனரி மேக்கிலும் ஓடாது. எங்களை விடுவித்தது, வாடிக்கையாளரின் சர்வரே இன்டெல்லுக்கு மாறியதும், 1999இல் வந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும். மடிக்கணினிக்குள் மூன்று சர்வர்களை மெய்நிகராக ஓட்டலாம் என்ற பிறகு தனி வன்பொருளுக்கு என்ன தேவை? சன் 2005இல்கூட அல்ட்ரா 3 என்ற பெயரில் ஸ்பார்க் மடிக்கணினியைத் தன் முத்திரையோடு விற்றது. நான் அதை ஒரே ஒரு முறை பார்த்தேன், ஒரு கருத்தரங்கில், கண்காட்சி மேசையில்.

இன்றைக்கு அதே இடத்தில் எது என்று கேட்டால், நேர் வாரிசு கிடையாது. மொபைல் வொர்க்ஸ்டேஷன் என்று விற்பவை சக்திவாய்ந்த இன்டெல், ஏஎம்டி மடிக்கணினிகளே. 2015இல் திங்க்பேட் பி50, பி70 மாடல்களில் ஜியான் பிராசஸரும் பிழை திருத்தும் நினைவகமும் வந்தபோது வொர்க்ஸ்டேஷன் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் பொருள் திரும்பியது. பெர்லினில் செய்யும் எம்என்டி ரீஃபார்ம் மடிக்கணினி, ஃப்ரேம்வொர்க் மடிக்கணினிக்கு 2024இல் அறிவிக்கப்பட்ட, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த சிப் வடிவமைப்பிலான போர்டு போன்றவை வேறு சிப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கானவை. அவற்றை வாங்குபவர் விருப்பத்துக்காக வாங்குகிறார். அந்தச் சிப்பில் மட்டுமே ஓடும், நிறுவனம் கோடிகளைக் கொட்டிய மென்பொருள் எதுவும் அவரைத் துரத்தவில்லை. அதனால்தான் அவற்றுக்கு 10,000 டாலர் கேட்க முடியாது.

சரி, வாங்கலாமா? சோலாரிஸ் கற்க வேண்டும் என்பது நோக்கமானால் வேண்டாம். வேறொரு கணினியைப் போல நடித்துக் காட்டும் க்யூஎமு என்ற மென்பொருளில் ஸ்பார்க்ஸ்டேஷன் 5ஐ ஓட்டும் வசதி இருக்கிறது, சோலாரிஸ் 2.6 அதில் நன்றாக ஓடும், உங்கள் இன்றைய கணினியில் காசில்லாமல். இன்னும் உயிரோடிருக்கும் சோலாரிஸ் வழித்தோன்றல் வேண்டுமானால் ஓபன்இண்டியானாவைப் போட்டுப் பாருங்கள். தினசரி வேலைக்கு ஸ்பார்க்புக்கை நினைக்கவே வேண்டாம். அதிலுள்ள பிரவுசர் இன்றைய பாதுகாப்பான இணையதளம் எதையும் திறக்காது, அதை நேராக இணையத்தில் இணைப்பதும் ஆபத்து. அந்த விசைப்பலகை, இயங்குதளம் ஏறும் முன்பே கட்டளை கேட்கும் அந்த வெள்ளைத் திரையின் 'ஓகே' வரி, ஒரு காலத்தின் உச்சப் பொறியியலைக் கையில் ஏந்தும் சந்தோஷம், இதற்காக என்றால் தாராளமாக வாங்குங்கள். நானும் அதற்காகத்தான் ஒன்றை வைத்திருக்கிறேன்.

வாங்குமுன் சிலவற்றைப் பாருங்கள். அசல் பவர் அடாப்டர் கூட இருக்கிறதா? இல்லையென்றால் விலையைப் பாதியாகக் குறையுங்கள். பொருந்துகிறதே என்று வேறு அடாப்டரைச் செருகி போர்டை எரித்தவர்கள் உண்டு. நெட்வொர்க், சீரியல், வெளித்திரைக் கேபிள்கள் கிடைக்குமா என்று கேளுங்கள், பின்னால் தேடினால் அலைய வேண்டியிருக்கும். பேட்டரியை முதலில் வெளியே எடுத்து, அது கசிந்து போர்டின் தாமிரத்தைத் தின்றிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை, வெள்ளைப் பூப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள். திரையின் ஓரத்தில் புளித்த காடி வாடை வந்தால் அதன் போலரைசர் படலம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

என்வி-ராம் சிப்புக்கு வருவோம். சன் வடிவமைப்பைப் பின்பற்றிய இந்த இயந்திரங்களில் எம்48டி08 வகைச் சிப்பின் தலைக்குள்ளேயே லித்தியம் பேட்டரி புதைந்திருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தீர்ந்துவிடும். உங்களுடையது நிச்சயம் தீர்ந்திருக்கும். பேட்டரி போனதும் ஹோஸ்ட்ஐடி, ஈதர்நெட் முகவரி, பூட் அமைப்புகள் எல்லாம் அழிந்து, இயக்கும்போது, அந்த அடையாள எண்கள் இருக்கும் ஐடிபிராம் பகுதி செல்லாது என்று திட்டும். இதைப் பார்த்து இயந்திரம் செத்துவிட்டது என்று தூக்கி எறிகிறார்கள். சாகவில்லை. புதிய சிப்பை வாங்கிச் செருகலாம், அல்லது பழைய சிப்பின் மேல்பகுதியைக் கவனமாகச் சீவி, சிஆர்2032 பேட்டரிக்கு இரண்டு கம்பி பற்றவைக்கலாம். பிறகு 'ஓகே' வரியில் எண்களை மறுபடி எழுதிவிடலாம். பழைய ஹோஸ்ட்ஐடி எண்ணைக் கொடுப்பவர் எங்காவது குறித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டிய காகிதத்தில் இருக்கும், லைசென்ஸ்காரர்கள் அப்படித்தான் எழுதி ஒட்டுவோம். டிஸ்க்கில் பழைய மென்பொருள் ஏதாவது இருந்தால் அந்த எண் இல்லாமல் திறக்காது.

இயங்குதளத்தில் சோலாரிஸ் 2.5.1 அல்லது 2.6 இந்த இயந்திரத்துக்குச் சுகமாக இருக்கும். சோலாரிஸ் 10 இந்தத் தலைமுறை ஸ்பார்க்கைக் கைவிட்டுவிட்டது. இலவச யூனிக்ஸ் வகையான ஓபன்பிஎஸ்டியும் 5.9க்குப் பிறகு விட்டுவிட்டது. நெட்பிஎஸ்டியில் மட்டும் டாட்போலின் மின்மேலாண்மைச் சிப்புக்குக்கூட டிரைவர் எழுதி வைத்திருக்கிறார்கள், புதியதாக ஏதாவது ஓட்ட ஆசையானால் அதுவே வழி. ஆனால் எதையும் நிறுவுமுன், ஏன், இரண்டாவது முறை இயக்குவதற்கு முன்பே, டிஸ்க்கைக் கழற்றி, ஸ்கஸி என்ற பழைய டிஸ்க் இணைப்பு உள்ள வேறு இயந்திரத்தில் மாட்டி முழுப் பிரதி எடுத்துவிடுங்கள். உறக்க வசதியும் நெட்வொர்க் மாற்றும் மென்பொருளும் டாட்போல் தனியாகச் சேர்த்தவை. சோலாரிஸ் சிடியில் அவை வராது. அந்த டிஸ்க் சுழல்வது அதுவே கடைசி முறையாக இருக்கலாம். பிரதி கையில் இருந்தால் எஸ்டி கார்டை ஸ்கஸி டிஸ்க்காகக் காட்டும் மாற்றி ஒன்றில் அதை ஏற்றி, சத்தமில்லாமல் ஓட்டலாம். பிரதி எடுத்து முடித்ததும் இங்கேயே எழுதுங்கள், ஐடிபிராம் எண்களை எந்த வரிசையில் தட்டுவது என்று சொல்லித் தருகிறேன்.